எப்ப மௌத்தானா உங்கட உம்மா?

அத்தியாயம் பதினான்கு

காலை ஐந்தரைக்கே கஜூ கத்தத் தொடங்கிவிட்டது.

தெஹிவளையில் நாலாம் மாடியில் பூனை கத்தினால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். மூன்றாம் மாடிக்குக் கேட்டால் காவலாளியிடம் முறைப்பாடு போகும். ஹஃபீலா அரைத் தூக்கத்தில் எழும்பிப்போய், பூனைச் சாப்பாட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். கஜூ தின்னவில்லை. வாசலில் வைத்திருந்த பயணக் கூடையைப் பார்த்துத்தான் கத்தியது. கூடை என்றால் ஊசி போடும் டொக்டர் என்று அதற்கு நினைப்பு.

"டொக்டர்ட்ட இல்லடா. இண்டைக்குப் படம் பாக்கப் போறம்," என்றாள்.

மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் 'தையல் ராத்தா' என்று வந்தது.

தையல் ராத்தா, அதாவது தையல்கார அக்கா, என்று உலகத்தில் ஒருத்தியும் இல்லை. அது ஹஃபீலாவின் உம்மா கமறியாவின் நம்பர். பள்ளிவாசல்துறையில் மீன் கீறிக் கருவாடு போடுகிற கமறியா. நாலு பேர் முன்னால் திரையில் 'உம்மா' என்று வந்துவிடக் கூடாதென்று ஹஃபீலாவே வைத்த பேர் அது. மூன்று கிழமையாக அந்த நம்பர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஹஃபீலா ஒருதரமும் எடுக்கவில்லை. இன்றைக்கும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

முதல் அத்தியாயத்திலிருந்து கூட வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இடையில் ஏறியவர்களுக்காக ஒரு சுருக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மிருக வைத்தியரின் வாசல் கதிரையில் கஜூவை மடியில் வைத்துக்கொண்டு ஹஃபீலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், வெள்ளைப் பாரசீகப் பூனையோடு லெய்லா. ஹஃபீலாவின் புருசன் அஸ்ஜத் வேலை செய்யும் கம்பெனியின் முதலாளி மனைவி. தன் உம்மா மௌத்தாகி, மண்ணில் அடக்கி நாற்பது நாள் ஆகவில்லை என்று சொல்லி லெய்லா அழுதாள். "உங்கட உம்மா இரிக்காவா தங்கச்சி?" என்று கேட்டாள். கொழும்பில் இல்லை என்ற நினைப்பில் ஹஃபீலா, "இல்ல," என்றாள்.

லெய்லா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீயும் உம்மா இல்லாத புள்ளயா!"

அந்த அணைப்பிலிருந்து விலகித் திருத்திச் சொல்ல ஹஃபீலாவுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தை அவள் போகவிட்டாள். அதன் பிறகு எல்லாமே அந்தச் சொல்லின் மேல்தான் கட்டப்பட்டது. சனிக்கிழமைதோறும் லெய்லாவோடும் அவள் சிநேகிதிகளோடும் ஓவியக் கண்காட்சி. பூனைகளுக்குப் பிறந்தநாள். படத்தின் முன்னால் எப்படி நிற்பது என்றுகூட லெய்லாதான் பழக்கினாள். "ரெண்டு அடி பின்னால போ. பிடிச்சா வாயத் திறக்காத. பிடிக்காட்டி 'வித்தியாசமா இரிக்கி' எண்டு சொல்லு." இப்போது லெய்லா தன் வீட்டு மேல்மாடியில் சொந்தமாக ஓவியக்கூடம் திறக்கப் போகிறாள். அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் ஹஃபீலா.

போன கிழமைதான் அஸ்ஜத்துக்கு விசயம் தெரியவந்தது. ஏசுவான், அடித்தாலும் அடிப்பான் என்று ஹஃபீலா பயந்து நின்றாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

"சொன்னது சொன்னதுதான். இனி உசிராக்க ஏலாது. அப்பிடியே இரிக்கட்டும்."

அவன் ஏசியிருக்கலாம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

*

டிரைவர் லீவு என்றதும், லெய்லா வீட்டு வானை நானே ஓட்டுகிறேன் என்று அஸ்ஜத் தானாகவே போய்ச் சொல்லியிருந்தான். ஆறரைக்கு வான் கிளம்பியது. முன்சீட்டில் லெய்லா, மடியில் அவளுடைய வெள்ளைப் பூனை லூலு. நடுச்சீட்டில் ஹஃபீலாவும் கஜூவின் கூடையும். பின்னால் லெய்லாவின் சிநேகிதிகள் இருவர்.

போகிற இடம் ஆலங்குடா. கடற்கரை ஹோட்டல் ஒன்றில், புத்தளத்துப் பிள்ளை இனாஸ் வரைந்த படங்களின் கண்காட்சி. நல்லதாக இருந்தால் அந்தப் படங்களோடுதான் ஓவியக்கூடத்தைத் திறப்பதென்று லெய்லா முடிவு செய்திருந்தாள்.

ஆலங்குடா என்றதும் வரவில்லை என்று சொல்லத்தான் ஹஃபீலா நினைத்தாள். பள்ளிவாசல்துறை அதற்குப் பக்கத்தில்தானே. ஆனாலும் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டலுக்குள் உம்மா எதற்கு வரப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வராமல் இருக்கவும் முடியாது. கூடம் யாருக்கு என்று அங்கே வைத்துத்தான் லெய்லா எல்லோருக்கும் சொல்லப் போகிறாள்.

சிலாபத்தில் நின்று தேத்தண்ணி குடித்தார்கள். முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போகிற பஸ்கள் வரிசையாக நின்றன. வான் மறுபடி ஓடத் தொடங்கியதும் லெய்லா திரும்பிப் பார்த்தாள்.

"ஹஃபீலா, எனக்கு ஒரு யோசின. உன்ட ஊர்ப்பக்கம்தானே போறம். உம்மாவ அடக்கின மையவாடிக்குப் பக்கத்துல நிப்பாட்டி, வான்ல இருந்தே ஒரு யாசீன் ஓதிட்டுப் போவமா?"

ஹஃபீலா கஜூவின் கூடை மூடியைத் திறந்து மூடினாள்.

"புத்தளம் டவுனுக்குப் போகணும் ராத்தா," என்று முன்னாலிருந்து அஸ்ஜத் சொன்னான். "சுத்துப் பாதை. வரக்குள்ள பாப்பம்."

கண்ணாடியில் அவன் ஹஃபீலாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'எப்பிடிச் சமாளிச்சன் பாத்தியா' என்ற பெருமைதான் இருந்தது.

*

ஹோட்டல் மண்டபத்தின் ஒரு பக்கம் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பட்டத்தைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் நாலைந்து பேர் அலைமேல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருபது படங்கள். எல்லாம் பெண்கள். உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள், வலையிலிருந்து மீன் பிரிக்கும் பெண்கள்.

லெய்லா முதல் படத்துக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதுக்கும் திறக்கவில்லை. பிடித்துவிட்டது என்று ஹஃபீலாவுக்கு விளங்கியது. அவளும் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து நின்றாள். நல்ல நேரம் என்று நினைத்தாள்.

மண்டபத்தின் கோடியில் ஒரு படம் மட்டும் அரைச் சுவருக்கு இருந்தது.

அதில் கருவாடு காயும் பாய்களுக்கு நடுவே ஒரு மனுசி குந்தியிருந்தாள். ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி கீறிய மீன். முழங்கை வரைக்கும் செதில். முக்காடு நழுவியதும் தெரியாமல் தலையைப் பின்னால் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

அந்தப் பல் எப்போது விழுந்தது என்று ஹஃபீலாவுக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். உம்மா அப்படித்தான் சிரிப்பாள்.

"யா அல்லாஹ்!" என்றாள் லெய்லா. அவள் கண் நிறைந்துவிட்டது. "என்ட உம்மா சிரிச்ச மாதிரியே இரிக்கி. இது எனக்கு வேணும். வேற ஒருத்தருக்கும் குடுக்கப்படா. ஹஃபீலா, என்ன சொல்றா?"

"வித்தியாசமா இரிக்கி ராத்தா," என்றாள் ஹஃபீலா.

லெய்லா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

படம் வரைந்த இனாஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். விரல் நகத்தில் இன்னும் நீலச் சாயம்.

"கமறியா ராத்தா. பள்ளிவாசல்துறை. தொண்ணூறுல வெளியேத்தினக்குள்ள மன்னார்ல இருந்து வந்தவங்க. ஊருல சில பேர் ஏசினாங்க, பொம்புளைக்கு என்னத்துக்குப் படம் எண்டு. அவ கேக்கல்ல. 'என்ட மொகத்த ஆராச்சும் பாக்கணும் எண்டு ஆச இரிக்கி புள்ள, வரை' எண்டு சொன்னா. இண்டைக்கு வரச் சொல்லி ஓட்டோவும் அனுப்பிட்டன். இப்ப வந்துருவா."

ஹஃபீலா மெல்லப் பின்வாங்கி, வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த அஸ்ஜத்திடம் போனாள். இரண்டு வார்த்தையில் சொன்னாள். அவன் சிகரெட்டைப் போட்டு மிதித்தான்.

"நீ உள்ள போ. நான் கேட்டடியில நிண்டு திருப்பி அனுப்புறன்."

அவன் ஹோட்டலின் வாசல் கேட்டடிக்குத்தான் போனான். ஆனால் ஓட்டோக்காரன் ரோட்டுப் பக்கம் வரவில்லை. மணல் பாதையால் வந்து, கடற்கரைப் பக்கத்தில் இறக்கிவிட்டான். திறந்து கிடந்த பக்கத்தால், கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு கமறியா மண்டபத்துக்குள் ஏறினாள்.

கறுப்பு அபாயா, வெள்ளை முக்காடு. மீன் வாடை போகத் தேசிக்காய் தேய்த்துக் கழுவிய கைகள் சிவந்திருந்தன. அவள் தன் படத்தைத் தேடவில்லை. ஏறியதும் முதல் கண்ணில் பட்டது ஹஃபீலாதான்.

அந்த முகம் மலர்ந்ததை ஹஃபீலா பார்த்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு. 'மகள்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டது.

ஹஃபீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்த உப்பளப் படத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

பின்னால் செருப்பு தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

*

லெய்லாதான் ஓடிப்போய் கமறியாவின் கையைப் பிடித்தாள். கதிரை போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் உம்மாவைப் பற்றிச் சொன்னாள். கமறியா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் லெய்லாவின் தோளுக்கு மேலால், உப்பளப் படத்தின் முன்னால் நின்ற முதுகிலேயே இருந்தது.

"இஞ்ச வா ஹஃபீலா! என்னத்துக்குத் தூர நிக்கிறா?" லெய்லா இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள். "உம்மா, இது ஹஃபீலா. எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. என்ட கூடத்த இனி இவதான் பாக்கப் போறா. பாவம், என்னப் போல இவக்கும் உம்மா இல்ல."

கூடம் ஹஃபீலாவுக்குத்தான் என்ற, அவள் காத்திருந்த செய்தி அந்த நடு வசனத்தில் வந்து போனது. ஒருவரும் கைதட்டவில்லை.

கமறியா தன் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டு முக்காடு, கைப்பை, காலணி, பிறகு முகம்.

"உம்மா இல்லியா?" என்றாள்.

ஹஃபீலா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"எப்ப மௌத்தானா உங்கட உம்மா?"

லெய்லா ஹஃபீலாவின் தோளைத் தடவிக்கொடுத்தாள், அழப்போகிறாள் என்று நினைத்து.

"நாலு வருசம்," என்றாள் ஹஃபீலா.

"நாலு வருசமா." கமறியா விரலை மடித்துப் பார்த்தாள். "உங்கள கட்டிக் குடுத்த வருசமா இரிக்கும்."

"...ஓம்."

"என்னத்தால?"

"நெஞ்சு வருத்தம்."

"எங்க அடக்கின?"

"புத்தளத்துல."

"தூரம்தான்," என்றாள் கமறியா. பிறகு, ஒருவரும் கேட்காமலே, இரண்டு கையையும் ஏந்தினாள். "யா அல்லாஹ், அந்த மனுசிட கபுற விசாலமாக்கி வை. புள்ளய வளத்த பாட்டுக்கு அவக்கு நல்ல கூலியக் குடு. அவட பிழையளப் பொறுத்துக்க."

"ஆமீன்," என்றாள் லெய்லா. சிநேகிதிகளும் சொன்னார்கள். இனாஸும் சொன்னாள்.

எல்லோரும் ஹஃபீலாவைப் பார்த்தார்கள்.

"ஆமீன்," என்றாள் ஹஃபீலா.

கமறியா கையை முகத்தில் தடவி இறக்கினாள். கதிரையடியில் வைத்திருந்த கூடைக்குள்ளிருந்து, கலியாணத்தின்போது தான் குட்டியாகக் கொடுத்தனுப்பிய கஜூ எட்டிப் பார்த்தது. "குட்டி நல்லா வளந்திரிக்கி நோனா," என்றாள். பெற்ற மகளை, எசமானியைக் கூப்பிடுவது போல நோனா என்றாள்.

"உங்களுக்குப் புள்ளையள் இரிக்காங்களா உம்மா?" என்று லெய்லா கேட்டாள்.

"ஒரு மகள். அவட வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரல்ல, அப்ப அவக்கு ஆறு வயசு. மீன் கீறித்தான் படிக்க வச்சன். கட்டிக் குடுத்தன். கொழும்புலதான் இரிக்கா எண்டு சொல்றாங்க. வீடு எங்க எண்டு எனக்குத் தெரியா, ஒரு நாளும் கூப்பிடல்ல. போன் அடிச்சாலும் எடுக்கிறல்ல."

லெய்லாவின் முகம் சிவந்தது.

"என்ன மனுசி அவ! உம்மா உசிரோட இரிக்கக்குள்ள! பாத்தியா ஹஃபீலா, நாம உம்மா இல்ல எண்டு அழுறம். இரிக்கிறவளுக்கு அரும தெரியல்ல. அவளெல்லாம் மனுசப் பொறப்பா?"

"இல்ல ராத்தா," என்றாள் ஹஃபீலா. வேறு என்ன சொல்வது?

"நீங்க என்னோட வாங்க உம்மா. இண்டைக்கே வாங்க. என்ட ஊட்டுல நில்லுங்க. கொழும்புல எனக்குத் தெரியாத ஆள் இல்ல. உங்கட மகளத் தேடிப் பிடிச்சி, உங்கட காலடியில கொண்டு வந்து நிப்பாட்டுறன்."

"கொஞ்சம் மொகம் கழுவிட்டு வாறன்," என்று கமறியா எழுந்தாள்.

*

கழிவறைக்குப் போகிற ஒடுங்கிய நடையில் ஹஃபீலா அவளைப் பிடித்தாள்.

"உம்மா! வராதீங்க உம்மா. கெஞ்சிக் கேக்கிறன். வந்தீங்கண்டா என்ட வாழ்க்க முடிஞ்சிரும்."

கமறியா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். துடைக்கவில்லை. தண்ணீர் தாடையால் வடிந்தது.

"மூணு கிழமையா அடிச்சன். என்ட மொகத்தச் செவரு நிறைய வரைஞ்சிரிக்கி, வந்து பாரு எண்டு சொல்லத்தான் அடிச்சன். நீ எடுத்திருந்தா, வராதீங்க எண்டு சொல்லியிருக்கலாம். வந்திரிக்க மாட்டன்."

"நான் வேணுமெண்டு சொல்லல்ல உம்மா. ரெண்டு வருசத்துக்கு முன்ன, வாய் தவறி..."

"ஒருக்கா வாய் தவறும். ரெண்டு வருசத்துக்குத் தவறுமா?"

ஹஃபீலா அழுதாள். கமறியா அவளுடைய அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் குரல் இறங்கியது.

"சரி. அழாத. இப்ப அந்த ஹோலுக்குப் போ. 'ராத்தா, இவதான் என்ட உம்மா' எண்டு ஒரு சொல்லு சொல்லு. அது காணும் எனக்கு. கொழும்பும் வேணா, ஒண்டும் வேணா. நடந்தே ஊட்டுக்குப் போயிருவன்."

ஒரு சொல்தான். ஹஃபீலா நடையின் வாசலைப் பார்த்தாள். எட்டு அடி தூரத்தில் மண்டபம். லெய்லாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. போகலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள், காலும் எழும்பியது.

அப்போது அந்த வாசலில் அஸ்ஜத் வந்து நின்றான்.

"மாமி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாங்க நல்லா இரிக்கிறது உங்களுக்குப் பொறுக்கல்லியா? பின்பக்கத்தால ஓட்டோ நிக்கிது. வாங்க, ஏத்தி விடுறன்." அவளுடைய முழங்கையைப் பிடித்தான். பிடித்த கையை உடனே மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அதனால்தான் அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

கமறியா மகளைப் பார்த்தாள். ஹஃபீலா புருசனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"மருமகன்," என்றாள் கமறியா. "நான் மௌத்தானவ. மௌத்தான ஆக்கள ஓட்டோவுல ஏத்துறல்ல."

அவனைத் தாண்டி மண்டபத்துக்குள் போனாள். "வாறன் மகள்," என்று லெய்லாவிடம் சொன்னது நடை முழுவதும் கேட்டது. "இண்டைக்கே வாறன். ஊட்டுல ரெண்டு உடுப்பு இரிக்கி, எடுத்துட்டுப் போவம்."

*

பள்ளிவாசல்துறை வீட்டு வாசலில் வான் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. பூசாத கல் சுவர், முன்னால் கூரைபோல் கட்டிய நீலத் தறப்பாள், அதன் கீழே கருவாட்டுப் பாய்கள். நாற்றம் வானுக்குள் வந்ததும் பின்சீட்டில் ஒருத்தி முக்காட்டால் மூக்கை மூடினாள். லூலு தும்மியது. லெய்லா அதைத் தடவிக்கொண்டே, "பாவம், இதுக்குள்ளதான் ஒரு புள்ளய வளத்திரிக்கா," என்றாள்.

ஹஃபீலா அந்த வீட்டில் இருபத்தேழு வருடம் இருந்தவள். முதல்முறை பார்க்கிறவள் போல ஜன்னலால் பார்த்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு வர அஸ்ஜத்தும் உள்ளே போனான்.

பக்கத்து வீட்டுப் பளீலா மீன் வாளியோடு வெளியே வந்தவள், வானைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, வாளியைக் கீழே வைத்தாள். "அல்லோய்! இது நம்மட..."

"பளீலா!" உள்ளிருந்து கமறியாவின் குரல் வெட்டியது. அவள் வாசலுக்கு வந்தாள். "அவங்க கொழும்பு ஆக்கள். நமக்குத் தெரியாத ஆக்கள். சும்மா இரி."

பளீலா வாயை மூடினாள். ஆனால் கண்ணை மூடவில்லை. வேலியடியில் நின்று ஹஃபீலாவைப் பார்த்தாள். சின்ன வயதில் ஹஃபீலாவைக் காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள். மெதுவாக வாளியைத் தூக்கிக்கொண்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

கமறியா கதவைப் பூட்டினாள். அஸ்ஜத் பையைக் கொண்டுவந்தான். வானின் கதவைத் திறக்கிற சாக்கில் ஹஃபீலாவின் காதுக்குக் கிட்டக் குனிந்தான்.

"செவருல இரிந்த நம்மட கலியாணப் போட்டோ. கழட்டிச் சீலையில சுத்திப் பைக்குள்ள வச்சிட்டா. தாங்க எண்டன், தரல்ல."

பையின் வாயால் சட்டத்தின் ஒரு மூலை தெரிந்தது. தங்க நிறம் பூசிய மூலை. ஹஃபீலாதான் அந்தச் சட்டத்தைக் கல்பிட்டியில் தெரிந்தெடுத்து வாங்கிக் கொடுத்தவள்.

கமறியா ஏறி நடுச்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை அஸ்ஜத்திடமிருந்து வாங்கி மடியில் வைத்தாள். அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

வான் புறப்பட்டது. கருவாட்டுப் பாய்கள் பின்னால் போயின. நுரைச்சோலை தாண்டியதும் லெய்லா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கப்போகிறவளின் சந்தோசம் அவள் முகத்தில் இருந்தது.

"சரி உம்மா, இப்ப இரிந்தே தேடத் தொடங்குவம். உங்கட மகள்ட பேர் என்ன?"

வான் ஒரு தடவை குலுங்கியது. அஸ்ஜத் பாதையை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹஃபீலா தன் கையை இருக்கையோடு நகர்த்தி, ஒருவருக்கும் தெரியாமல், உம்மாவின் விரலைத் தொட்டாள். கமறியா விரலை இழுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

"பேர என்னத்துக்கு மகள்," என்றாள் லெய்லாவிடம். "பேர ஆரும் மாத்தி வச்சிரிப்பாங்க. போட்டோ ஒண்டு கொண்டு வாறன். அவவும் மாப்புளையும் நிக்கிற போட்டோ. இந்தக் குலுக்கத்துல எடுத்தா கண்ணாடி ஒடஞ்சிரும். உங்கட ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் காட்டுறன்."

"போட்டோ இரிக்கா! அப்ப லேசு." லெய்லா கொப்பியை மூடினாள். "நாளைக்கே கண்டுபிடிச்சிருவம், பாருங்க. என்ன ஹஃபீலா?"

"ஓம் ராத்தா."

கமறியா கொஞ்சம் ஜன்னல் பக்கமாக ஒதுங்கினாள். கூடையையும் பையையும் சரிப்படுத்தினாள்.

"உங்களுக்கு இடம் காணுமா நோனா?"

"காணும்," என்றாள் ஹஃபீலா.

பாலாவிச் சந்தியில் வான் கொழும்புப் பக்கம் திரும்பியது.